ஐம்பது பென்ஸும் 1,277 மரணங்களும்

ஸ்காட்லாந்தில் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை நடைமுறைக்கு வந்தது 2018 மே 1 அன்று. அந்த ஆண்டில் மதுவால் மட்டுமே வரக்கூடிய நோய்களில் அங்கே இறந்தவர்கள் 1,136 பேர். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023-ல், 1,277 பேர். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, "விலையை ஏற்றினார்கள், சாவும் சேர்ந்து ஏறியது, திட்டம் தோற்றது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. இதே விவகாரத்தில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. 2023 மார்ச்சில் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இந்த விலைக் கொள்கை மது மரணங்களை 13.4 சதவீதம் குறைத்தது என்கிறது. மது எதிர்ப்பு அமைப்புகள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. மது வணிகர்கள் முந்தைய எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு எண்களுமே சரியானவை. ஒரே திட்டத்தைப் பற்றி இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்ற கேள்வியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. இதற்குப் பதில் தேடாமல் "விலை ஏற்றினால் குடி குறையுமா" என்று விவாதிப்பதில் பொருளே இல்லை.

யூனிட் என்கிற அளவுகோல்

பிரிட்டனில் ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால், எடையில் 8 கிராம். பாட்டிலின் அளவை மில்லியில் எடுத்து, ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும். 700 மில்லி வோட்கா, 37.5 சதவீதம் என்றால் 26.25 யூனிட். யூனிட்டுக்கு 50 பென்ஸ், அதாவது அரை பவுண்டு, என்று விதித்ததும் அந்த பாட்டிலை 13 பவுண்டு 13 பென்ஸுக்குக் கீழே எந்தக் கடையும் விற்க முடியாது. 40 சதவீத விஸ்கி 28 யூனிட், ஆகவே 14 பவுண்டு. 12.5 சதவீத ஒயின் 750 மில்லியில் ஒன்பதரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, 4 பவுண்டு 69 பென்ஸ். விலை பாட்டிலையோ பிராண்டையோ பார்க்காமல் உள்ளே இருக்கும் ஆல்கஹாலை மட்டும் பார்க்கிறது. இந்தச் சட்டத்தின் சூட்சுமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

அடி யாருக்கு விழுந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மூன்று லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் 7.5 சதவீத வெள்ளை சைடர் என்ற மலிவான ஆப்பிள் மதுவை விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் இருப்பது 22.5 யூனிட். ஒருவர் ஒரு வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது பிரிட்டிஷ் மருத்துவ அறிவுரை. அதையும் தாண்டிய ஆல்கஹால் ஒற்றை பாட்டிலில், ஏறக்குறைய நான்கு பவுண்டுக்குக் கிடைத்தது. 2018 மே மாதம் அதன் விலை ஒரே நாளில் 11 பவுண்டு 25 பென்ஸ் ஆனது. உட்கார்ந்து குடிக்கும் கடையான பப்பில் விற்கும் ஒரு பைன்ட் பீருக்கோ ஒன்றுமே ஆகவில்லை. 4 சதவீத பீர் 568 மில்லியில் இருப்பது 2.3 யூனிட், குறைந்தபட்ச விலை 1 பவுண்டு 14 பென்ஸ். எந்த பப்பும் அந்த விலைக்கு விற்பதில்லை. பக்ஃபாஸ்ட் என்ற 15 சதவீத டானிக் ஒயினும் தப்பித்துவிட்டது. ஸ்காட்லாந்தில் தெருச் சண்டை பற்றிய பேச்சு வந்தாலே அடிபடும் பெயர் அது. ஆனால் அது முன்பிருந்தே தன் குறைந்தபட்ச விலையான 5 பவுண்டு 63 பென்ஸுக்கு மேல்தான் விற்றது. ஆக, இந்தச் சட்டம் தொட்டது பேர்போன சரக்கை அல்ல. கடையில் வாங்கி வீட்டில் வைத்துக் குடிக்கும் மலிவுச் சரக்கைத்தான் அது தொட்டது.

வரியைக் கூட்டியிருந்தால் போதாதா என்று கேட்பது நியாயம். மது மீதான வரி லண்டன் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசால் அதைத் தொட முடியாது. அதன் கையில் இருந்ததெல்லாம் கடைகளுக்கு மது உரிமம் கொடுக்கும் அதிகாரம் மட்டும்தான், எனவே உரிம நிபந்தனையாகவே விலையை எழுதினார்கள். அதற்கு முன் வேறு வழிகளையும் முயன்றிருக்கிறார்கள். 2011 அக்டோபரில் "மூன்று பாட்டில் வாங்கினால் பத்து பவுண்டு" போன்ற மொத்தச் சலுகைகளைத் தடை செய்தார்கள். ஆனால் மூன்று பாட்டிலையும் தனித்தனியே 3 பவுண்டு 33 பென்ஸுக்கு விற்றால் அந்தத் தடையால் என்ன செய்ய முடியும்? வரியிலும் இதே ஓட்டை உண்டு. பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் கூட்டத்தை இழுப்பதற்காக வரியைத் தாங்களே சுமந்துகொண்டு பழைய விலைக்கே விற்கும். இதற்குக் கீழே விற்கவே கூடாது என்ற தரை விலையை அப்படிச் சுமந்துகொள்ள வழியில்லை.

சட்டம் நிறைவேறியது 2012-ல். ஸ்காட்ச் விஸ்கி சங்கம் வழக்குப் போட்டது. எடின்பரோவிலிருந்து லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய், திரும்பி வந்து, கடைசியில் 2017 நவம்பர் 15 அன்று லண்டன் உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகச் சட்டம் செல்லும் என்றார்கள். இதற்குள் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. விலை மட்டும் 2012-ல் சொன்ன அதே 50 பென்ஸ். இந்தத் தாமதத்துக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

1,277 எதை எண்ணுகிறது

ஸ்காட்லாந்தின் தேசியப் பதிவகம் ஆண்டுதோறும் வெளியிடுவது மதுவால் மட்டுமே வரக்கூடிய மரணங்களின் எண்ணிக்கை. மதுவால் வந்த கல்லீரல் நோய், மது அடிமைநிலையின் சிக்கல்கள், மதுவால் வரும் இதயத்தசை நோய், கணைய அழற்சி, ஆல்கஹாலே விஷமாகிக் கொல்வது ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் பெரும் பங்கு கல்லீரலுக்கு. குடித்துவிட்டு வண்டியில் மோதிச் செத்தவர் இந்தக் கணக்கில் இல்லை. பகுதியளவு மதுவால் வரும் மார்பகப் புற்றுநோய், உணவுக்குழாய்ப் புற்றுநோய், பக்கவாதம் ஆகியவையும் இல்லை. குடிகாரக் கணவனின் கையால் செத்த பெண்ணும் இல்லை. எனவே 1,277 என்பது சேதத்தின் மிகக் குறைந்த எல்லை. உண்மையான சேதம் அதைவிடப் பெரியது.

கல்லீரல் கெட பத்து, இருபது ஆண்டுகள் ஆகும், அப்படியிருக்க 2018-ல் விலையை ஏற்றினால் 2019-ல் எப்படிச் சாவு குறையும் என்று சிலர் கேட்பார்கள். கேட்க நியாயமாகத் தோன்றினாலும் கல்லீரல் நோய் முடிகிற விதம் அப்படியல்ல. ஏற்கெனவே சுருங்கிப்போன ஈரலோடு பல்லாயிரம் பேர் விளிம்பில் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களைத் தள்ளிவிடுவது கடைசிச் சில மாதங்களின் குடி. மஞ்சள் காமாலை முற்றுவது, வயிற்றில் நீர் கட்டுவது, ரத்த வாந்தி எல்லாம் அப்போதுதான் வரும். அந்த மாதங்களில் குடி கொஞ்சம் இறங்கினாலே விளிம்பில் நிற்பவர்களில் ஒரு பகுதியினர் தங்கிவிடுவார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பாரிஸில் ஒயினுக்கு ரேஷன் வந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அங்கே ஈரல் சுருக்க மரண விகிதம் சரேலெனச் சரிந்தது. கல்லீரல் மருத்துவர்கள் இன்றும் இந்த எடுத்துக்காட்டைச் சொல்வார்கள்.

சாவு கூடியது, ஆனால் குறைந்தது

இப்போது அந்த 13.4-க்கு வருவோம். ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டது 2012 ஜனவரி முதல் 2020 டிசம்பர் வரையிலான தரவு. விலைக்கு முந்தைய காலத்தின் போக்கு எப்படிப் போய்க்கொண்டிருந்தது, விலை வந்தபிறகு அந்தக் கோடு எங்கே முறிகிறது என்று பார்ப்பது முதல் படி. அது மட்டும் போதாது, வேறு ஏதாவது காரணத்தாலும் கோடு முறியலாம். எனவே அதே காலத்தில், அதே விதமான மரணங்களை இங்கிலாந்திலும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். இங்கிலாந்தில் குறைந்தபட்ச விலை கிடையாது. 2012-ல் 45 பென்ஸ் என்று பேச்செடுத்து, அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். கடை, தொலைக்காட்சி, பொருளாதாரம், கொரோனா என்று மற்ற பெரும்பாலானவை இரு நாட்டுக்கும் பொதுவானவை. "விலை வராமலிருந்தால் ஸ்காட்லாந்தில் எத்தனை பேர் செத்திருப்பார்கள்" என்ற எண்ணுக்கும் நடந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் 13.4 சதவீதம். ஆண்டுக்கு 156 உயிர்கள். இதன் நிச்சயமின்மை எல்லை 8.3-லிருந்து 18.4 வரை. அகலமான எல்லைதான், ஆனால் பூஜ்யத்தைத் தொடவில்லை.

கொரோனாவில் பப்புகள் மூடின, வீட்டுக்குடி பெருகியது, ஏற்கெனவே நிறையக் குடித்தவர்கள் இன்னும் குடித்தார்கள். 2019-ல் ஸ்காட்லாந்தில் 1,020 ஆக இறங்கியிருந்த எண்ணிக்கை 2023-ல் 1,277 ஆனது, 25 சதவீத ஏற்றம். இங்கிலாந்தில் அதே காலத்தில் ஏறக்குறைய 5,820-லிருந்து 8,274. அது 42 சதவீதம். இரு நாடுகளிலும் வெள்ளம் ஏறியது, ஒன்றில் குறைவாக ஏறியது. அடிப்படை ஆண்டை மாற்றினால் இந்தச் சதவீதங்களும் மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2018-லிருந்து எண்ணினால் ஸ்காட்லாந்தின் ஏற்றம் 12 சதவீதம் மட்டுமே. 2019 அங்கே தாழ்ந்த ஆண்டு, அதைத் தொடக்கமாக வைப்பது ஸ்காட்லாந்துக்கு எதிரான கணக்கு. அப்படி வைத்தும் வித்தியாசம் தெரிகிறது. இவ்வளவுக்குப் பிறகும், லட்சம் பேருக்கு 22.6 என்ற விகிதத்தோடு 2023-லும் பிரிட்டனின் நான்கு நாடுகளில் மோசமானது ஸ்காட்லாந்துதான், இங்கிலாந்து 15.0. விலை அந்த இடைவெளியைக் கொஞ்சம் சுருக்கியது, மூடவில்லை. இதைவிடப் பெரிதாகச் சொன்னால் பொய், சிறிதாகச் சொன்னாலும் பொய்.

விற்பனைக் கணக்கும் இதனோடு பொருந்துகிறது. மூன்று ஆண்டுகளில் ஒரு வயதுவந்தவருக்கான மது விற்பனை 3 சதவீதம் குறைந்தது. வெறும் மூன்று என்று தோன்றும். ஆனால் அந்தக் குறைவு சமமாகப் பரவவில்லை. சைடர் முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. மலிவுச் சரக்கை நிறைய வாங்கிக்கொண்டிருந்த வீடுகளில்தான் கொள்முதல் குறைந்தது. அளவாகக் குடிப்பவரின் வாரச் செலவு அசையவே இல்லை என்று சொல்லலாம். மரணம் அதிகம் குறைந்ததும் ஆண்களிடத்திலும் மிக வறிய பகுதிகளிலும்தான். ஏழைகளைத் தண்டிக்கும் திட்டம் என்ற குற்றச்சாட்டை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த 156 பேரில் பெரும்பாலோர் ஏழைகள் என்பதையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

விலை தொடாத இடம்

அந்த லான்செட் ஆய்வில் பலர் மேற்கோள் காட்டாமல் விடும் ஒரு பகுதி இருக்கிறது. என் கருத்து திரும்பியது அங்கேதான். நாள்பட்ட நோய்களால் வரும் மரணம் குறைந்தது. திடீர்க் கேடுகளோ, அதாவது அளவு மீறிக் குடித்ததால் உடனே நேரும் பாதிப்புகள், குறையவில்லை. மதிப்பீடு சற்றே கூடிய பக்கமாகவே நிற்கிறது. மது அடிமைநிலைக்காக மருத்துவமனையில் சேர்வதும் அப்படியே. மொத்த மருத்துவமனைச் சேர்க்கையில் கிடைத்த 4.1 சதவீதக் குறைவு, தற்செயல் என்று சொல்லிவிடக்கூடிய எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டது. காரணத்தை ஊகிக்க முடியும். பணம் பற்றாமல் போனவர் சாப்பாட்டைக் குறைத்தால் வெறும் வயிற்றில் போதை வேகமாக ஏறும். சைடருக்கும் வோட்காவுக்கும் யூனிட் விலை ஒன்றாகிவிட்டபோது, சைடர் குடித்தவர் வோட்காவுக்கு மாறினால் அதே பணத்துக்கு அதே ஆல்கஹாலை மணிக்கணக்கில் அல்லாமல் நிமிடக்கணக்கில் உள்ளே இறக்கிவிடலாம்.

ஷெஃபீல்டு பல்கலைக்கழகக் குழு குடிநோயாளிகளிடமே போய் ஆராய்ந்து 2022-ல் வெளியிட்ட அறிக்கை இதை வேறு பக்கமிருந்து காட்டுகிறது. மதுவுக்கு அடிமையானவர்கள் விலை வந்தபின் குறைவாகக் குடித்தார்கள் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. சிலர் சாப்பாட்டிலும் மின்கட்டணத்திலும் கைவைத்து, கடன் வாங்கி, அதே அளவைக் குடித்தார்கள். இதில் வியப்படைய எதுவுமில்லை. நாளுக்கு முப்பது யூனிட் குடிக்கும் உடம்பு திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் என்று போய் உயிரையே எடுத்துவிடும். அவருக்கு மது அந்த நிலையில் மருந்துபோல் ஆகிவிட்டது. விலைப்பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கும் இடத்தில் அவர் இல்லை. அவருக்கு வேண்டியது குளோர்டயசெபாக்சைடு என்ற, குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தை நாள்தோறும் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்து, தயமின் ஊசி போட்டு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஒரு செவிலியர். அதே ஸ்காட்லாந்தில் பத்தாண்டுக்குள் மதுச் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தவர்கள் எண்ணிக்கை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருக்கிறது. குடிநோயாளிகள் குறைந்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது, மரணக் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. சிகிச்சை அவர்களை எட்டவில்லை.

எனக்கு உண்மையான கோபம் வருவது இங்கேதான். குறைந்தபட்ச விலை வரி அல்ல. கூடுதலாக வசூலாகும் பணம் அரசுக்கு வருவதில்லை, கடைக்காரரிடமும் தயாரிப்பாளரிடமும் தங்கிவிடுகிறது. குடிநோயாளி தன் சாப்பாட்டுக் காசிலிருந்து எடுத்துக் கொடுத்த அந்தக் கூடுதல் பவுண்டு சூப்பர்மார்க்கெட்டின் லாபத்தில் சேர்கிறது. மதுவும் புகையிலையும் விற்கும் பெரிய கடைகள் மீது பொதுச் சுகாதாரக் கூடுதல் வரி ஒன்று 2012 முதல் 2015 வரை ஸ்காட்லாந்தில் இருந்தது. விலைச் சட்டம் வந்த 2018-ல் அது இல்லை. அதை மறுபடி கொண்டுவந்து, அந்தப் பணத்தை அப்படியே சிகிச்சைக்குத் திருப்பியிருந்தால், விலை எட்டாத மனிதரை விலையால் வந்த பணமாவது எட்டியிருக்கும்.

குவார்ட்டர் கணக்கு

இதை அப்படியே எடுத்து வந்து தமிழ்நாட்டில் ஒட்ட முடியாது. ஆனால் யூனிட் கணக்கை மட்டும் இங்கே போட்டுப் பார்க்கலாம். 180 மில்லி குவார்ட்டர், 42.8 சதவீதம், 7.7 யூனிட். 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் யூனிட்டுக்கு 18 ரூபாய். 650 மில்லி பீர் 5 சதவீதம் என்றால் 3.25 யூனிட். 160 ரூபாய் என்று வைத்தால் யூனிட்டுக்கு 49 ரூபாய். ஆக, டாஸ்மாக் அலமாரியில் மிக மலிவான ஆல்கஹால் இருப்பது மிகக் கடுமையான சரக்கில். 2024 பிப்ரவரியில் விலையை ஏற்றியபோது சாதாரண குவார்ட்டருக்கும் 10 ரூபாய், 650 மில்லி பீருக்கும் 10 ரூபாய். யூனிட்டுக்குப் பார்த்தால் குவார்ட்டருக்கு ஒன்றேகால் ரூபாய் சொச்சம், பீருக்கு மூன்று ரூபாய். மென்மையான மதுவுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்றம். குடியைக் குறைப்பதற்காக விலையேற்றுகிறோம் என்று சொல்வதானால் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடு இதைவிடக் கனமானது. ஸ்காட்லாந்தில் சைடர் விலை மூன்று மடங்கானபோது பக்கத்துத் தெருவில் கள்ளச்சாராயம் காத்திருக்கவில்லை. இங்கிலாந்து எல்லையைத் தாண்டிப் போய் வாங்கியவர்கள்கூட எல்லையோர ஊர்க்காரர்கள் சிலர்தான். ரஷ்யாவில் அப்படியல்ல. வோட்காவுக்கு 2010-ல் அரை லிட்டர் 89 ரூபிள் என்று தரை விலை வைத்து, ஏற்றிக்கொண்டே 220-க்குக் கொண்டுபோய், 2015 பிப்ரவரியில் 185-க்கு இறக்கினார்கள். கள்ளச் சரக்கு பெருகுகிறது என்பதே அதற்குச் சொன்ன காரணம். இறக்கிய பிறகும் 2016 டிசம்பரில் இர்குட்ஸ்க் நகரில் குளியல் தைலத்தை மதுவாகக் குடித்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் இருந்தது மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் அதே மெத்தனால். குவார்ட்டரைவிட மலிவான பாக்கெட்டில் அது வந்தது. தரை விலைக்குக் கீழே இன்னொரு தரை இருக்கும் ஊரில், கீழ்த்தரையை அடைக்காமல் மேலே விலையைக் கூட்டினால் அந்த விலையை வறியவர்கள் உயிரால் கட்டுவார்கள்.

கரையும் விலை

2012-ல் சொன்ன 50 பென்ஸ் ஆறு ஆண்டுகள் நீதிமன்றத்திலும், பிறகு ஆறு ஆண்டுகள் கடை அலமாரியிலும் அசையாமல் இருந்தது. விலைவாசி அசைந்துகொண்டே இருந்தது. 2024 செப்டம்பரில் அந்த 50 பென்ஸின் மதிப்பு 2018-ன் பணத்தில் 40 பென்ஸைத் தொட்டிருக்கவில்லை. சட்டத்திலேயே ஆறு ஆண்டுக் காலாவதி விதி இருந்ததால் 2024 ஏப்ரலில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதை மீண்டும் ஓட்டுக்கு விட்டுத் தொடரச் செய்தது. செப்டம்பர் 30 முதல் விலை 65 பென்ஸ். பெரிய ஏற்றம்போல் செய்திகளில் வந்தது. கணக்குப் போட்டால் அது 2018-ன் 51 பென்ஸ், அதாவது தொடங்கிய இடத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். 2012-ல் நினைத்த 50-ஐ எட்ட வேண்டுமென்றால் ஏறக்குறைய 70 வேண்டும். விலைவாசியோடு தானாக ஏறும்படி சட்டத்தில் எழுதாததால், ஒவ்வொரு பென்ஸுக்கும் மறுபடி மறுபடி அரசியல் சண்டை போட வேண்டியிருக்கிறது. சண்டை நடக்கும் ஆண்டுகளிலெல்லாம் விலை கரைந்துகொண்டே இருக்கும்.

2024-ம் ஆண்டின் மரணக் கணக்கு 1,185. முந்தைய ஆண்டைவிட 7 சதவீதம் குறைவு. குறைந்தபட்ச விலையை நான் ஆதரிக்கிறேன், ஆனாலும் இந்த எண்ணை அதற்குச் சான்றாகக் காட்ட மாட்டேன். 65 பென்ஸ் அந்த ஆண்டில் நடைமுறையில் இருந்தது கடைசி மூன்று மாதங்கள் மட்டுமே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தனியாக என்ன ஆனது, அதே மாதங்களில் இங்கிலாந்தில் என்ன ஆனது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்த பிறகு பேசலாம்.